கறுத்திருக்க வேண்டிய கம்பி

திருவனந்தபுரத்தில் முதல் வேளைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும், கேட்காமலே ஒரு குவளை வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்கள். இளஞ்சிவப்பாக இருந்தது. எங்கள் பினாங்கில் இந்த நிறத்தில் ஒன்று மேசைக்கு வந்தால் அதில் ரோஜாப் பாகும் பாலும் இருக்கும். ஆசையாக ஒரு மடக்கு குடித்தேன். ஏதோ மரச்சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்த வெறும் தண்ணீர். பரிமாறியவர் என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, தாகத்துக்கும் ரத்தத்துக்கும் நல்லது என்று மலையாளத்தில் சமாதானம் சொன்னார். பின்னால் வந்த மத்தி வறுவலுக்காக அந்தத் தண்ணீரை மன்னித்தேன்.

நான் சாப்பிட வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆய்வுக்கூடங்களில் உயிருள்ள செல்களின் மின்சாரத்தை அளக்கிற கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். இந்தப் பக்கத்துக்கென்று இருக்கிறவர் மாடிப்படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டதால் என்னை அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை வந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் வேலை முடிய வேண்டும் என்பது ஒன்றுதான் உத்தரவு.

ஐப்பசி மழை. இங்கே அது நேரம் தவறாத மழை. காலையில் வெயில் காய்ந்துவிட்டு, மத்தியானம் மூன்று மணிக்கு இடியோடு வந்து நிற்கிறது. என் ஆட்டோ ஒரு பள்ளத்துத் தண்ணீரில் இருமி இருமி அடங்கிப்போனது. ஓட்டுநர் பதறவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு, மழை விட்டதும் வண்டியும் எழுந்துவிடும் என்றார். அப்படியே நடந்தது. பினாங்கில் இப்படி நடந்தால் ஓட்டுநர் அரசாங்கத்திலிருந்து ஆரம்பித்து என் வரைக்கும் திட்டியிருப்பார்.

ஆய்வுக்கூடத்தில் என்னை எதிர்கொண்டவர் டாக்டர் ஷீஜா. முப்பத்தைந்து வயதிருக்கும். தூங்கிப் பல நாளான கண். அவர் மலையாளத்தை மெதுவாகப் பேசினார், நான் தமிழை மெதுவாகப் பேசினேன். இடையில் ஆங்கிலம் வந்து கைகொடுத்தது. அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன்.

மூளைச் செல்லைச் சுற்றி எண்ணெய்ப் படலம் மாதிரி ஒரு சவ்வு. அந்தச் சவ்வில் புரதங்கள் கதவுகளாகப் பதிந்திருக்கின்றன. உப்பின் துகள்கள் அவற்றின் வழியாக உள்ளே வெளியே போய்வருகின்றன. நாம் நினைப்பதும் நினைவில் வைப்பதும் அந்தப் போக்குவரத்தில்தான் நடக்கிறது. அல்சைமர் நோயில் கழிவுப் புரதம் கட்டிகட்டியாகச் சேர்ந்து இந்தக் கதவுகளின் ஒழுங்கைக் கெடுக்கிறது. அந்தக் கட்டிகளைத் தடுக்க ஷீஜா ஒரு மருந்துப் பொருளை வைத்திருக்கிறார். ஆனால் இதுபோன்ற மருந்துகள் பலவற்றுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சவ்வுக்குள் புகுந்து, நன்றாக இருக்கிற கதவையும் பிடித்து ஆட்டிவிடும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. தன்னுடைய மருந்து அப்படிச் செய்யாது என்று காட்டுவதுதான் ஷீஜாவின் வேலை.

நவராத்திரி வரைக்கும் அது செய்யவில்லை. மருந்தை விட்டாலும் கதவுகள் வழக்கம்போலத் திறந்து மூடின. சரஸ்வதி பூஜைக்கு ஆய்வுக்கூடத்தை அடைத்துவிட்டு, ஷீஜா கொல்லத்திலிருக்கும் தன் வீட்டுக்குப் போய்வந்தார். திரும்பி வந்து மறுபடி அளந்தால், மருந்து விட்ட கொஞ்ச நேரத்தில் திரையிலிருக்கும் கோடு சரிந்துகொண்டே போகிறது. ஒரு தடவை இல்லை, எல்லாத் தடவையும். மருந்து நாள்பட்டுக் கெட்டிருக்கலாம், அல்லது முதலில் கிடைத்த நல்ல முடிவுதான் தப்பு என்பது ஆய்வுக்கூடத் தலைவரான பேராசிரியரின் கட்சி. கருவிதான் கோளாறு என்பது ஷீஜாவின் கட்சி. வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட்டம். இந்த மருந்தைத் தொடர்வதா கைவிடுவதா என்று அதில் முடிவாகும். ஷீஜாவுக்கு அது ஆறு வருஷ உழைப்பு.

ஆகக்கூடி, கருவியில் கோளாறு இருந்தால் மருந்து பிழைக்கும். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாடிக்கையாளர் என்னிடம் கோளாறு இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றார்.

என் பையில் மாதிரிச் செல் என்று ஒன்று இருக்கிறது. கட்டைவிரல் அளவுப் பெட்டி. நிஜச் செல்லுக்குப் பதிலாக அதைக் கருவியில் செருகினால், செல்லைப் போலவே மின்சாரத்துக்குப் பதில் சொல்லும். சாகாது, கோபிக்காது. உலகத்திலேயே சொன்னபடி கேட்கிற ஒரே மூளைச் செல் அதுதான். அதைச் செருகி ஒரு மணி நேரம் பார்த்தேன். கோடு ஆணியடித்த மாதிரி நின்றது. கருவியில் ஒரு குறையும் இல்லை. ஷீஜா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தண்ணீர் குடிக்கப் போனார்.

புதன்கிழமை முழுவதும் ஏதாவது கிடைக்காதா என்று தேடினேன். பூமிக்கம்பி, வடங்கள், அதிர்வு தாங்கும் மேசை, மழை ஈரம். செல்லைப் பிடிக்கிற கண்ணாடி ஊசிக்குள் ஒரு வெள்ளிக் கம்பி ஓடும். அதன்மேல் கறுப்பாக ஒரு பூச்சு இருக்கவேண்டும். அதையும் எடுத்துப் பார்த்தேன், நன்றாகக் கறுத்திருந்தது. செல்கள் முங்கியிருக்கும் உப்புநீர்த் தட்டின் ஓரத்தில், மூடிபோட்ட சின்னக் குழியில் இரண்டாவது கம்பி இருக்கும். அதைப் பற்றிக் கேட்டேன். பூஜை லீவுக்கு முன்பு தானே கறுப்பேற்றி வைத்ததாக ஷீஜா சொன்னார். சரி என்று விட்டுவிட்டேன். மூடியைத் திறக்க இரண்டு வினாடி ஆகியிருக்கும். இந்தத் தொழிலில் எனக்கு முப்பது வருஷ அனுபவம் என்று யாராவது சொன்னால் இனிமேல் நம்பாதீர்கள்.

அன்றைக்கு மாலை மனசு சரியில்லாமல் கிழக்கேகோட்டையைச் சுற்றினேன். கோவில் கோபுரத்தை வெளியில் நின்று பார்த்தேன், வேட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், நான் போட்டிருந்தது கால்சட்டை. தங்குமிடத்துக்குத் திரும்பப் பேருந்து ஏறினேன். பலகை எல்லாம் மலையாளத்தில். பாதி எழுத்து தமிழ் மாதிரியே இருப்பதால் எனக்குப் படிக்க வருகிறது என்று நினைத்துக்கொண்டதுதான் வினை. அரைமணி கழித்துக் கடல் தெரிந்தது. அது விழிஞ்ஞம். ஒரு பக்கம் வள்ளங்கள், வலை, மீன் வாசனை. மறுபக்கம் புதுத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் வானத்தில் வரிசையாக நின்றன. ஒரு நிமிஷம் பினாங்குக்கே வந்துவிட்டேனோ என்று இருந்தது. பக்கத்திலிருந்த கட்டட வேலைக்காரர் ஒருவர் நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு, சுத்தமான நெல்லைத் தமிழில் கேட்டார்.

"அண்ணாச்சி, தெச மாறி வந்துட்டியளா? டவுனு அந்தப் பக்கம்லா."

அவரே என்னைச் சாயாக்கடைக்கு அழைத்துப்போய், பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி வாங்கிக்கொடுத்து, சரியான பேருந்தில் ஏற்றிவிட்டார். தப்பு பலகையில் இல்லை, படித்த என்னிடம் இருந்தது.

வியாழக்கிழமை காலை, கருவியில் குறை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி. அந்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்து மணிவரை சும்மா உட்கார்ந்திருந்தேன். என் கையெழுத்து ஒரு மருந்தின் கழுத்தை நெரிக்கப்போகிறது என்று நினைக்கவே பிடிக்கவில்லை. அப்போதுதான் கோமதியம்மா வந்து, இன்றைக்கு மத்தியானச் சாப்பாடு தங்கள் வீட்டில் என்றார்.

கோமதியம்மா அந்த ஆய்வுக்கூடத்தின் உதவியாளர். குடுவை கழுவுவதிலிருந்து பூட்டுவதுவரை அவர் பொறுப்பு. ஐம்பத்தெட்டு வயது. ஸ்ரீவராகத்தில் அக்ரஹாரத் தெருவில் வீடு. ஷீஜா அவரைக் கோமதிச்சேச்சி என்று கூப்பிடுவார். இரண்டு நாளாக நான் உணவகத்தில் சாப்பிடுவதை அவர் ஒரு குற்றமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அவர் கணவர் ராமநாதன் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். வெளுத்த வேட்டி, படிய வாரிய தலை. எழுந்து கைகூப்பி, எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

"பினாங்கா! எங்க சித்தப்பா அங்க ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரில டிரஸ்ஸரா இருந்தார், கேட்டேளா? மழைன்னா அங்க மழை."

இலை போட்டார்கள். மொளகூட்டலும் மாங்காய்த் தொக்கும். பிறகு போளி. இந்த ஊரில் போளியைத் தனியாகத் தின்ன விடமாட்டார்கள், அதன்மேல் பாயசத்தை ஊற்றிப் பிசைந்து தின்னவேண்டும். முதலில் பயந்தேன். பிறகு இன்னொன்று கேட்டேன். அதற்குள் ராமநாதன் என் பக்கம் திரும்பி, எந்த ஊர் என்று மரியாதையாகக் கேட்டார். மறுபடி சொன்னேன். மறுபடி முகம் மலர்ந்தது, சித்தப்பா வந்தார், மழையும் வந்தது. கோமதியம்மா என்னைப் பார்க்காமல் நெய் விட்டார்.

மூன்று வருஷமாக இப்படி என்று பிறகு அடுக்களை வாசலில் நின்று சொன்னார். ஷீஜாவின் மருந்து எதற்கென்று தெரிந்த நாளிலிருந்து, அந்த அறையை மட்டும் தானே கூட்டித் துடைப்பதாகவும் சொன்னார். வேறு யாரையும் விடுவதில்லையாம்.

நான் பேச்சை மாற்ற நினைத்து, சாமிமாடத்தில் இருந்த வெள்ளிக் குங்குமச் சிமிழைப் புகழ்ந்தேன். பழைய சாமான், கண்ணாடியாகப் பளபளத்தது. எதைப் போட்டுத் தேய்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"திருநீறுதான். வெள்ளிக்கு அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்" என்றார் கோமதியம்மா. "லேப்லயும் பூஜைக்கு வைக்கறச்ச அந்தக் குழிக்குள்ள ஒரு கம்பி கறுத்துக் கெடந்தது. வெள்ளியாக்கும்னு டாக்டர் எப்பவோ சொல்லியிருக்கா. நம்ம மருந்து தொடற கம்பி, இப்படியா கெடக்கறதுன்னு நன்னா தேச்சு, கழுவி, பூஜைல வெச்சு, அப்படியே திரும்பப் போட்டேன்."

கையிலிருந்த போளியை இலையில் வைத்துவிட்டேன்.

அந்தக் கறுப்பு அழுக்கல்ல. வெள்ளிமேல் வேண்டுமென்றே ஏற்றுகிற குளோரைடு பூச்சு. அது இருந்தால்தான் கம்பியும் உப்புநீரும் ஒன்றையொன்று நிலையாகப் பிடித்துக்கொள்ளும். பளபளக்கிற வெறும் வெள்ளியை உப்புநீரில் போட்டால், அதன் மின்னழுத்தம் நிமிஷத்துக்கு நிமிஷம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஷீஜா ஒவ்வொரு முறையும் ஆரம்பத்தில் கோட்டைச் சரிசெய்துவிட்டு, முதலில் கொஞ்ச நேரம் மருந்தில்லாமல் அளப்பார், பிறகு மருந்தை விடுவார். அந்தக் கொஞ்ச நேரத்தில் நகர்வு கண்ணுக்குத் தெரியாது, கோடு சரிவது தெரியும்போது மருந்து அங்கே நிற்கிறது. பழி அதன்மேல் விழுகிறது. என் மாதிரிச் செல்லுக்குத் தட்டும் வேண்டாம் உப்புநீரும் வேண்டாம், அதனால் அது இந்தக் கம்பியைச் சந்திக்கவே இல்லை.

ராமநாதன் எதிரில் எதையும் சொல்லவேண்டாம் என்று தோன்றியது. பாயசத்தை முடித்துவிட்டு, உடனே போகலாம் என்று மட்டும் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கணவருக்குத் துணைவைத்துவிட்டுக் கோமதியம்மாவும் கிளம்பினார். மூன்று மணி மழை பிடித்துக்கொண்டது. ஆட்டோவில் விஷயத்தைச் சொன்னேன். நனைந்த புடவைத் தலைப்பை வெகுநேரம் பிழிந்துகொண்டிருந்தார்.

"அப்போ நானாக்கும் கெடுத்தது" என்றார் கடைசியில்.

மருந்து கெடவில்லை என்பதல்லவா இதற்கு அர்த்தம் என்றேன். அவர் காதில் அது விழுந்ததா தெரியவில்லை.

குழியின் மூடியைத் திறந்தேன். புதுக் கொலுசு மாதிரி மின்னியது கம்பி. ஷீஜா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எனக்குப் பிடித்த ஒரு காரியத்தைச் செய்தார். கம்பியை உடனே மாற்றவிடவில்லை. முதலில் அதே பளபளப்பான கம்பியோடு, மருந்தே விடாமல், மருந்து விடுகிற அதே நேரத்தில் வெறும் உப்புநீரை விட்டு ஒரு செல்லை அளந்தார். கோடு சரிந்தது, அதே சரிவு. இதைப் பூஜைக்குப் பிறகு ஒருமுறை செய்து பார்த்திருக்கவேண்டும், செல்கள் குறைவாக இருந்ததால் பழைய அளவையே நம்பிவிட்டேன் என்று அவரே சொன்னார். நான் திறக்காத மூடியைப் பற்றி நானும் ஒப்புக்கொண்டேன். கோமதியம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கறுப்பேற்றப் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. துணி வெளுக்கிற ப்ளீச்சில் இருபது நிமிஷம் ஊறப்போட்டால் போதும். கம்பியை நீட்டி, நீங்களே போடுங்கள் என்று கோமதியம்மாவிடம் கொடுத்தேன். அவர் தயங்கித் தயங்கித்தான் வாங்கினார். மூவரும் அந்தச் சின்னக் கிண்ணத்தைச் சுற்றி நின்று, வெள்ளி மங்கி, சாம்பலாகி, கறுப்பதைப் பார்த்தோம். ஒரு பொருள் அழுக்காவதை இவ்வளவு ஆசையாக நான் எப்போதும் பார்த்ததில்லை.

கம்பியைக் கழுவிப் போட்டு, மருந்தில்லாமல் ஒருமுறை அளந்தோம், கோடு நேராக இருந்தது. மருந்தோடு ஒருமுறை, அதுவும் நேர். வெள்ளிக்கிழமை காலையில் இன்னும் சில செல்கள். கதவுகள் திறந்தன, மூடின, மருந்து தன் வழியில் இருந்தது. ஷீஜா சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

படிவத்தில் கோளாறின் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. 'கம்பி தேவைக்கு மேல் சுத்தமாக இருந்தது' என்று எழுதினேன். பொய்யில்லை. யார் பெயரும் இல்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பேராசிரியர் ஏமாறுகிற ஆள் இல்லை. கூட்டத்தில் அந்த வரியைப் படித்துவிட்டு, கம்பி எந்தத் தேதியிலிருந்து அப்படி இருந்தது என்று கேட்டார். தேதி தெரியாவிட்டால், பூஜைக்கு முன்பு கிடைத்த நல்ல அளவுகளையும் எப்படி நம்புவது? எல்லாமே சந்தேகம்தான், மருந்தும் சந்தேகம்தான் என்றார். நியாயமான கேள்வி. ஷீஜா பதில் சொல்ல வாயெடுத்தார், பிறகு கோமதியம்மாவின் வேலையை நினைத்து நிறுத்திக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

சாயாத் தட்டோடு உள்ளே வந்த கோமதியம்மா தட்டை மேசைமேல் வைத்தார்.

"துர்காஷ்டமி அன்னிக்கு சாயங்காலம், பூஜைக்கு வைக்கறச்ச. நானாக்கும் தேச்சேன்" என்றார். "அதுக்கு முன்னால கறுத்துத்தான் இருந்தது. என் பேரை எழுதிக்கோங்கோ, சார். மருந்து பேருல எழுதாதேங்கோ."

பேராசிரியர் ஏட்டைப் புரட்டினார். துர்காஷ்டமிக்கு முந்தைய அளவுகள் எல்லாம் நேர், பிந்தையவை எல்லாம் சரிவு. கொஞ்ச நேரம் விரலை அந்தப் பக்கத்தில் வைத்திருந்துவிட்டு, படிவத்தைக் கோமதியம்மா பக்கம் தள்ளினார். தேதியை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். கோபம் இல்லை, ஒரு சாட்சியிடம் பேசுகிற குரல். கோமதியம்மா தமிழில் கையெழுத்துப் போட்டார். பிறகு பேராசிரியர் ஒரு சாயாவைத் தானே எடுத்து அவரிடம் நீட்டி, உட்காரச் சொன்னார்.

முடிவு இதுதான். மருந்து தொடரும். இது மறதியைக் குணமாக்கும் என்று அந்த அறையில் யாரும் சொல்லவில்லை. நல்ல கதவுகளைக் கெடுப்பதாகத் தெரியவில்லை, மேலே போய்ப் பார்க்கலாம், அவ்வளவுதான். இந்தத் தொழிலில் நிறைய மருந்துகள் செத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அன்றைக்கு எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

வெளியே வந்ததும் கோமதியம்மா என்னோடு வாசல்வரை நடந்தார்.

"அவருக்கு இது வந்து சேராது, அத்தனை வருஷம் ஆகும்னு டாக்டர் முன்னயே சொல்லிட்டா. சாரமில்லை. ஆருக்காவது வந்தாப் போறும்."

சாரமில்லை என்றால் மலையாளத்தில் பரவாயில்லை என்று அர்த்தம். அந்த ஊரில் எதற்கெடுத்தாலும் சொல்கிற வார்த்தை, ஆட்டோ நின்றாலும் அதுதான், குடை தொலைந்தாலும் அதுதான்.

கிளம்புகிற வழியில், கோமதியம்மாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, ஸ்ரீவராகத்தில் இறங்கி ராமநாதனிடம் சொல்லிக்கொண்டேன். எழுந்து கைகூப்பி, எந்த ஊர் என்றார். பினாங்கு என்றேன். சித்தப்பா வந்தார், மழை வந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு துளி குறையவில்லை, எனக்கும் சலிக்கவில்லை. பிறகு அவர், இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டார். இங்கே என்ன காரியமாக வந்தீர்கள் என்று.

கோமதியம்மா முந்திக்கொண்டார். "உங்க மருந்துக்கு ஒரு கம்பி வெளுத்துப் போச்சு. அதைக் கறுப்பாக்க வந்தார்."

ராமநாதன் கொஞ்சம் யோசித்தார். ஒரு பழைய பத்திரத்தைச் சரிபார்க்கிறவர்போல என்னை உற்றுப் பார்த்தார்.

"கறுப்பாச்சோ?" என்றார்.

"ஆச்சு" என்றேன்.

"பின்னே என்ன" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.